மூச்சை எண்ணுங்கள்: வளரிளம் பிள்ளைகளின் நுரையீரலும் கொரோனாவும்

வாசகர் கேள்வி – பதில்

கொரோனா கடுமையாகத் தாக்கிய பத்து முதல் பத்தொன்பது வயதுப் பிள்ளைகளின் நுரையீரல் பற்றிச் சென்ற இதழில் சிறு குறிப்பு ஒன்று வெளியிட்டிருந்தோம். தமிழ்நாடு–கேரள எல்லையிலுள்ள வாளையாருக்கு இந்தப் பக்கமிருந்தும் அந்தப் பக்கமிருந்தும் கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாக்கி, நுரையீரல் மருத்துவமும் குழந்தைகள் தீவிர சிகிச்சையும் அறிந்தவர்களிடம் விடை வாங்கியிருக்கிறோம். மருந்துகளின் அளவை வேண்டுமென்றே எழுதவில்லை. எடையும் நிலைமையும் பார்த்து நேரில் எழுதிக் கொடுக்க வேண்டியது அது.

*

"சின்னப் புள்ளைகளைக் கொரோனா ஒண்ணும் பண்ணாதுன்னு 2020-ல சொன்னாங்க. எங்க அக்கா மகனுக்கு 2021-ல பதினைஞ்சு வயசு, எடை 82 கிலோ. ரெண்டு நுரையீரலும் வெள்ளையாயிடுச்சுன்னு எக்ஸ்ரேயைக் காட்டினாங்க. அது எப்படிங்க?" – வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதினைந்து வயதுப் பையனைச் 'சின்னப் பிள்ளை' கணக்கில் சேர்த்ததுதான் சிக்கல். ஐந்து வயதுக் குழந்தைக்குச் சளி காய்ச்சலோடு போன அதே கிருமி, பருவம் எய்திய பிள்ளையிடம் பெரியவர்களிடம் நடந்துகொள்வதைப் போலத்தான் நடந்துகொள்ளும். கடுமையாவது இந்த வயதிலும் அரிதுதான். ஆனால் கடுமையாகிவிட்டால், பெரியவர்களுக்கு வருகிற அதே நுரையீரல் நோய்தான் வரும்.

எக்ஸ்ரேயில் காற்று கருப்பாகத் தெரியும். நீரும் சதையும் வெள்ளையாகத் தெரியும். நுரையீரலில் முப்பது, நாற்பது கோடிக் காற்றுப் பைகள் உண்டு. அவற்றின் உட்சுவரில் சவுக்கார நுரை போன்ற ஒரு வழுவழுப்பு பூசியிருக்கும். மூச்சை வெளியே விடும்போது பை சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் காப்பது அந்தப் பூச்சு. அதைச் சுரக்கிற செல்லைத்தான் இந்தக் கிருமி பிடிக்கிறது. பூச்சு குறைந்ததும் பைகள் ஒட்டிக்கொள்கின்றன. பக்கத்து ரத்தக் குழாய்கள் கசிந்து மீதிப் பைகளில் நீர் கட்டுகிறது, நுண்குழாய்களில் ரத்தம் உறைகிறது. வெள்ளையாகத் தெரிவது இதுதான்.

எடை ஏன் முக்கியம்? மல்லாந்து படுத்தால் வயிற்றின் பாரம், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையிலுள்ள உதரவிதானத் தசையை மேலே தள்ளும். நுரையீரலின் அடிப்பாகம் ஏற்கெனவே பாதி அமுங்கிக் கிடக்கும். கிருமி அந்த இடத்திலேயே வேலையைத் தொடங்கினால் தாங்குவதற்கு மிச்சம் இல்லை. இந்த வயதில் ஐ.சி.யூ. வரை போனவர்களிடம் திரும்பத் திரும்பக் காணப்பட்டது அதிக எடைதான். கட்டுக்குள் இல்லாத ஆஸ்துமா, சர்க்கரை, தசைநோய், புற்றுநோய்ச் சிகிச்சை ஆகியவையும் ஆபத்தைக் கூட்டும். பெண் பிள்ளைகள் விஷயத்தில் பலரும் சொல்ல மறப்பது ஒன்று உண்டு: மாதவிடாய் ஒழுங்கின்மைக்கோ நீர்க்கட்டிக்கோ ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அதை மருத்துவரிடம் முதல் வேலையாகச் சொல்லுங்கள். ரத்தம் உறையும் வாய்ப்பை அந்த மாத்திரை கூட்டும்.

இன்னொன்று. தொற்று வந்து இரண்டு முதல் ஆறு வாரம் கழித்துத் திரும்பக் காய்ச்சல், கண் சிவப்பு, தடிப்பு, வயிற்று வலி, ரத்த அழுத்தச் சரிவு என்று வருவது வேறு நோய். அதில் முதலில் அடிபடுவது பெரும்பாலும் இதயம். இங்கே நாம் பேசுவது, காய்ச்சல் தொடங்கிய ஐந்தாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில் மூச்சு கெடுகிற நோயைப் பற்றி.

*

"வால்பாறை எஸ்டேட்டில் இருக்கிறோம். மகளுக்கு வயது 14. விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கிற கருவியில் ஒரு தடவை 97, அடுத்த தடவை 92. மலை உயரத்தால் அப்படித்தான் இருக்கும் என்கிறார்கள். எதை நம்புவது?" – வாசகர், வால்பாறை

மலையை இதற்குச் சாட்சி கூப்பிட வேண்டாம். வால்பாறை ஏறக்குறைய 3,500 அடி. அந்த உயரத்துக்கு ஒரு புள்ளி குறையலாம். 7,300 அடி உயர ஊட்டியிலேயே நல்ல நுரையீரலுக்கு இரண்டு மூன்று புள்ளிதான் குறையும். 92-க்கு மலை காரணம் ஆகாது.

முதலில் கருவியைச் சரியாகப் பிடிக்க வேண்டும். நகப்பூச்சையும் கருப்பு மருதாணியையும் நீக்குங்கள். கொழுந்து கிள்ளி வந்த ஈரக் கையில், குளிர்ந்த விரலில் மாட்டினால் எண் பொய் சொல்லும். கையைத் தேய்த்துச் சூடாக்குங்கள். ஐந்து நிமிடம் உட்காரவைத்து, கையை நெஞ்சு உயரத்தில் வைத்து, நடுவிரலில் மாட்டி, ஒரு நிமிடம் அசையாமல் காத்திருங்கள். முதலில் வருகிற எண்ணைப் பார்க்காதீர்கள். நிலைத்து நிற்கிற எண்ணை எழுதுங்கள். கருவி காட்டும் நாடித்துடிப்பும் மணிக்கட்டில் நீங்கள் எண்ணுகிற துடிப்பும் ஒத்துப்போக வேண்டும். போகாவிட்டால் ஆக்சிஜன் எண்ணையும் நம்ப முடியாது. கருத்த தோலில் இந்தக் கருவி உண்மையைவிடக் கொஞ்சம் கூட்டிக் காட்டும் பழக்கம் உடையது. அதனால் 94 என்றால் நிம்மதி அடைய வேண்டாம்.

அடுத்தது ஆறு நிமிட நடை. 2021 ஜூனில் மத்திய சுகாதாரப் பணிகள் இயக்குநரகம் வெளியிட்ட வழிகாட்டுதலில் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு இது சொல்லப்பட்டிருக்கிறது. கருவியை விரலில் மாட்டியபடியே அறைக்குள் ஆறு நிமிடம் விடாமல் நடக்கவிடுங்கள், பெரியவர் ஒருவர் கூடவே நடக்க வேண்டும். எண் 94-க்குக் கீழே போனாலும், தொடங்கிய எண்ணிலிருந்து மூன்று முதல் ஐந்து புள்ளி இறங்கினாலும், தலை கிறுகிறுத்தாலும், மூச்சு முட்டினாலும் உடனே நிறுத்தி ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பச் செய்யலாம். ஏற்கெனவே மூச்சு வாங்குகிற பிள்ளையையும், கட்டுக்குள் இல்லாத ஆஸ்துமா உள்ள பிள்ளையையும் நடக்கவிடக் கூடாது. உட்கார்ந்த நிலையிலேயே 94-க்குக் கீழே இருந்தால் நடையே தேவையில்லை, கிளம்புங்கள்.

கருவியே இல்லாதவர்களுக்கும், கருவி உள்ளவர்களுக்குங்கூட, நாங்கள் அதிகம் நம்புவது மூச்சை எண்ணுவதைத்தான். ஆக்சிஜன் இறங்குவதற்கு முன்பே உடல் மூச்சைக் கூட்டி ஈடுகட்டும்; எண் 96 என்று அழகாக இருக்கும்போதே நெஞ்சு வேகமாக ஏறி இறங்கும். பிள்ளை தூங்கும்போதோ, கவனம் போனில் இருக்கும்போதோ, வயிற்றையோ நெஞ்சையோ பார்த்து முழுதாக அறுபது வினாடி எண்ணுங்கள். பதினைந்து வினாடி எண்ணி நான்கால் பெருக்குவது கூடாது. ஒரு மூச்சு தவறினால் கணக்கில் நான்கு மூச்சு பிழையாகும். இந்த வயதில் ஓய்வில் பன்னிரண்டு முதல் இருபது வரை இயல்பு. காய்ச்சல் அடிக்கும்போது கூடும். காய்ச்சல் இறங்கியபின் திரும்ப எண்ணுங்கள். அப்போதும் 24-ஐத் தாண்டினால் மருத்துவரைப் பாருங்கள். 30 என்றால் ஆஸ்பத்திரிக்கே போக வேண்டும். பேச்சை ஒரே மூச்சில் முடிக்க முடியாமல் உடைத்து உடைத்துப் பேசுவது, கழுத்துக்குழி உள்ளே இழுபடுவது, உதடு நீலம் பாய்வது, தட்டி எழுப்பினாலும் மந்தமாக இருப்பது ஆகியவற்றில் எதைக் கண்டாலும் மூச்சை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

*

"மெடிக்கலில் ஸ்டீராய்டு மாத்திரை வாங்கி இரண்டாம் நாளே கொடுத்துவிட்டோம். ஸ்கேனும் எடுத்தோம், 25-க்கு 6 என்று வந்தது. சரிதானே?" – வாசகர், பொள்ளாச்சி

இரண்டுமே தவறு. ஸ்டீராய்டு, நோய் எதிர்ப்பு அளவு மீறிக் கொதிக்கும்போது அதை அடக்குகிற மருந்து. முதல் வாரத்தில் கிருமி பெருகிக்கொண்டிருக்கிறது. அப்போது எதிர்ப்பை அடக்கினால் லாபம் கிருமிக்கு. 2020-இல் பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வில் ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களுக்கு டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு உயிர் காத்தது, ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பயன் தரவில்லை. சர்க்கரை ஏறுவதும், கருப்புப் பூஞ்சை பிடிப்பதும், புதிய பாக்டீரியா நுழைவதும் அந்த மாத்திரையின் பின்னால் வருபவை.

ஸ்கேன் மதிப்பெண்ணை வைத்து யாரும் மருந்தை மாற்றப் போவதில்லை. மூச்சும் ஆக்சிஜனும்தான் சிகிச்சையைத் தீர்மானிக்கின்றன. ஒரு நெஞ்சு சி.டி. ஸ்கேனின் கதிர்வீச்சு பல பத்து எக்ஸ்ரேக்களுக்குச் சமம். நன்றாக இருக்கிற பிள்ளைக்கு அது வேண்டாத செலவு. சிகிச்சைக்குப் பிறகும் மோசமாகிறது, அல்லது நுரையீரல் ரத்தக் குழாயில் அடைப்பு இருக்குமோ என்ற சந்தேகம் வருகிறது என்றால், அப்போது ஸ்கேனுக்கு வேலை உண்டு.

*

"ஆவி பிடித்தால் நுரையீரலில் உள்ள கிருமி சாகுமா?" – வாசகி, கோபாலபுரம்

சாகாது. மூக்கடைப்புக்குக் கொஞ்சம் இதமாக இருக்கும், அவ்வளவுதான். கொதிநீர்ப் பாத்திரம் மடியில் கவிழ்ந்து தொடை வெந்து வருகிற பிள்ளைகள் உண்டு.

*

"அட்டப்பாடி அகளிப் பக்கம் எங்கள் ஊர். தங்கைக்கு அரிவாள் செல் நோய் இருக்கிறது. கொரோனா வந்தால் தனியாக என்ன பார்க்க வேண்டும்?" – வாசகர், அகளி

அட்டப்பாடி, வயநாடு, கூடலூர்ப் பகுதிப் பழங்குடி மக்களிடையே இந்த நோய் இருப்பதால் இதைச் சற்று விரித்தே எழுதுகிறோம்.

முதலில் எந்த வகை என்று தங்கையின் மருத்துவ அட்டையில் பாருங்கள். பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்த 'கடத்தி' வகையினருக்கு இந்தப் பயம் பெரிதாக இல்லை. இருவரிடமிருந்தும் வந்த நோயாளிக்குத்தான் ஆபத்து. ஆக்சிஜன் குறைந்ததும் இவர்களின் சிவப்பணு அரிவாள் போல வளைந்து விறைத்துக்கொள்ளும். வளைந்த அணுக்கள் நுரையீரலின் நுண்குழாய்களை அடைக்கும், அடைப்பால் ஆக்சிஜன் இன்னும் குறையும், குறைய இன்னும் வளையும். காய்ச்சலும் நெஞ்சுவலியும் எக்ஸ்ரேயில் புதிய நிழலும் சேர்ந்து வந்தால் அதுதான் 'நெஞ்சு நெருக்கடி'. சில மணி நேரத்தில் முற்றக்கூடியது.

தங்கை நன்றாக இருக்கிற நாளில் அவளுடைய ஆக்சிஜன் எண் என்ன என்று இப்போதே பார்த்து அட்டையில் எழுதிவையுங்கள். இந்த நோயாளிகள் சிலருக்கு வழக்கமான எண்ணே 94, 95 என்றுதான் இருக்கும். அதிலிருந்து எவ்வளவு இறங்கியது என்பதே கேள்வி. காய்ச்சல் வந்த அன்றே ஆஸ்பத்திரி போக வேண்டும், ஐந்தாம் நாள் வரை காத்திருக்கக் கூடாது. இந்த நோய்க்குக் கொடுக்கும் ஹைட்ராக்சியூரியா மருந்தைச் சாப்பிடுகிறவளாக இருந்தால் மருத்துவர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். தண்ணீர் வற்றவிடக் கூடாது. அதற்காக பாட்டில் பாட்டிலாக குளுக்கோஸ் ஏற்றச் சொல்லி வற்புறுத்தவும் கூடாது, கசிகிற நுரையீரலில் அது போய்க் கட்டிக்கொள்ளும். வலிக்குப் பயந்து மூச்சை மேலோட்டமாக விடுவாள். அதனால் நுரையீரலின் அடிப்பாகம் ஒட்டிக்கொள்ளும். எனவே வலி மருந்தும் மூச்சுப் பயிற்சியும் சேர்ந்தே நடக்க வேண்டும். நிலைமை இறங்கினால் ரத்தம் ஏற்றவோ, ரத்தத்தையே மாற்றி ஏற்றவோ வேண்டியிருக்கும். அவளுடைய ரத்த வகை, முன்பு ஏற்றிய விவரம் எழுதிய தாள் கையோடு இருக்கட்டும்.

*

"ஐ.சி.யூ.வில் இருந்த என் தம்பியின் கழுத்து வீங்கி, தொட்டால் பொரி நொறுங்குவது போலச் சத்தம் வந்தது. 'காத்து லீக்' என்றார்கள். வென்டிலேட்டரைத் தப்பாக வைத்ததாலா? குப்புறவும் போட்டிருந்தார்கள், ஆக்சிஜன் 90 இருந்தும் கூட்டவில்லை." – வாசகர், வேலந்தாவளம்

தப்பாக வைத்தால்தான் கசியும் என்பதில்லை. வென்டிலேட்டரே இல்லாமல், வெறும் இருமலிலேயே இப்படிக் கசிந்தவர்கள் உண்டு. வீங்கி நைந்த காற்றுப் பை கிழிந்தால் காற்று மூச்சுக்குழலை ஒட்டிய உறை வழியாக நடுநெஞ்சுக்கு ஊர்ந்து, அங்கிருந்து கழுத்துத் தோலுக்கு அடியில் ஏறும். பொரி நொறுங்கும் சத்தம் அந்தக் காற்றுக் குமிழிகள். கழுத்தோடு நின்றால் பெரும்பாலும் தானாக வற்றிவிடும். நுரையீரலுக்கும் விலாவுக்கும் இடையில் புகுந்து நுரையீரலை அமுக்கினால்தான் அவசரம். திடீர் நெஞ்சுவலி, ஒரு பக்கம் மட்டும் நெஞ்சு ஏறாமை, ரத்த அழுத்தச் சரிவு ஆகியவை அதன் அடையாளம். விலாவிடுக்கில் குழாய் போட்டுத் தண்ணீர் பாட்டிலோடு இணைப்பார்கள். அந்த பாட்டில் எப்போதும் நெஞ்சுக்குக் கீழேயே இருக்க வேண்டும். ஸ்ட்ரெச்சரில் தள்ளும்போது உறவினர் யாராவது அதைப் படுக்கைமேல் தூக்கி வைத்துவிடுவது வழக்கம். பாட்டில் தண்ணீர் நெஞ்சுக்குள் திரும்பிவிடும்.

வென்டிலேட்டரில் ஒரு மூச்சுக்கு எவ்வளவு காற்று என்பதை உடல் எடையை வைத்துக் கணக்கிடுவதில்லை. உயரத்துக்கு உரிய எடையை வைத்துக் கணக்கிடுகிறார்கள். உடம்பு பெருத்தாலும் நுரையீரல் பெருப்பதில்லை. 165 செ.மீ. உயரமுள்ள பையனுக்கு உரிய எடை சுமார் 60 கிலோ. கிலோவுக்கு 6 மில்லி என்றால் 360 மில்லி. அவன் நிஜ எடை 82 என்று பார்த்து வைத்தால் 492 மில்லி ஆகிவிடும். நல்ல பைகள் பாதிதான் மிச்சமிருக்கும் நுரையீரலில் அதைத் திணித்தால் அந்த நல்ல பைகளும் கிழியும். இதனால்தான் ஆக்சிஜன் 90-ஐ ஒட்டி நின்றாலும் கடுமையான நிலையில் பொறுத்துக்கொள்கிறார்கள். எண்ணை 98 ஆக்கக் கொடுக்கும் அழுத்தமும் அதிக ஆக்சிஜனும் நுரையீரலுக்கே கேடு.

குப்புறப் போடுவதும் இந்தக் கணக்கில் சேர்ந்ததே. மல்லாந்தால் இதயமும் வயிறும் நுரையீரலின் முதுகுப் பக்கத்தை அமுக்கும். பைகள் அதிகம் இருப்பது அந்தப் பக்கம்தான். குப்புறப் போட்டால் அவை திறக்கும். வென்டிலேட்டரில் இருப்பவரை ஒரு நாளில் பன்னிரண்டு முதல் பதினாறு மணி நேரம் அப்படி வைப்பார்கள்.

*

"மலைமேல் இருந்து கீழே கொண்டுபோகும்போது ஆக்சிஜன் தீர்ந்துவிட்டால்? எவ்வளவு வேண்டும் என்று எப்படிக் கணக்குப் போடுவது?" – வாசகர், முடீஸ்

நல்ல கேள்வி, ஆம்புலன்ஸ் கிளம்பும் முன்பே கேட்க வேண்டியது. வால்பாறையிலிருந்து பொள்ளாச்சி 64 கிலோமீட்டர்தான், ஆனால் நாற்பது கொண்டை ஊசி வளைவு. நோயாளியோடு இறங்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆம்புலன்ஸில் பெரும்பாலும் இருக்கும் 'பி' வகை சிலிண்டர் நிறைந்திருந்தால் ஏறக்குறைய 1,500 லிட்டர். பையுள்ள முகமூடிக்கு நிமிடத்துக்குக் குறைந்தது 10 லிட்டர் வேண்டும். அப்படியானால் 150 நிமிடம், இரண்டரை மணி நேரம். முழு சிலிண்டரே விளிம்பில்தான் நிற்கிறது. சிலிண்டரின் அழுத்த மீட்டர் முள், நிறை அளவான 150-க்குப் பதில் 100-இல் நின்றால் கையில் இருப்பது 1,000 லிட்டர். ஆழியாறு வருவதற்குள் தீர்ந்துவிடலாம். கணக்கிட்ட நேரத்தின் ஒன்றரை மடங்குக்கு வேண்டிய ஆக்சிஜன் இருக்க வேண்டும் என்பது எங்கள் கணக்கு, அதாவது இரண்டு நிறை சிலிண்டர். சிலிண்டர் மாற்றுகிற சாவி வண்டியில் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். வால்வு இறுகியிருக்கிறதென்று எண்ணெயோ கிரீஸோ தடவக் கூடாது, தீப்பிடிக்கும்.

தீர்ந்துவிடுமே என்று பையுள்ள முகமூடியில் ஓட்டத்தை 4, 5 லிட்டராகக் குறைப்பது பெரிய தவறு. பை சுருங்கி, விட்ட மூச்சையே பிள்ளை திரும்ப இழுக்கும். குறைந்த ஓட்டம் போதும் என்ற நிலை இருந்தால் மூக்குக் குழாய்க்கு மாற்றுங்கள். அதற்கு 1 முதல் 5 லிட்டர் போதும். ஈரப்பத பாட்டிலில் தண்ணீரை நிரப்பிக்கொண்டு கிளம்பினால் வளைவுகளில் தண்ணீர் குழாய்க்குள் ஏறும். இந்தப் பயணத்துக்கு அது இல்லாமலே போகலாம். தலைப்பக்கத்தை உயர்த்தியே வையுங்கள். கிளம்பும் முன் வயிறு நிறையக் கொடுக்காதீர்கள், வாந்தி எடுத்தால் அது நுரையீரலுக்குள் போகும். 108 இரு மாநிலத்திலும் ஒரே எண். ஆலோசனைக்குத் தமிழ்நாட்டில் 104, கேரளத்தில் 1056.

*

"டிஸ்சார்ஜ் பண்ணும்போது மூணு பந்து ஊதுற மெஷின் குடுத்தாங்க. பேத்தி தினம் ஊதறா, ஒரு பந்தும் ஏறலையே?" – பாட்டி ஒருவர், மீனாட்சிபுரம்

பாட்டி, அது ஊதுகிற மெஷின் இல்லை, உறிஞ்சுகிற மெஷின்! பேர் அப்படி ஆகிவிட்டது, பாதி வீடுகளில் பிள்ளைகள் ஊதிக்கொண்டிருக்கிறார்கள்.

பேத்தியை நிமிர்ந்து உட்காரவையுங்கள். மூச்சை முதலில் வெளியே விடட்டும். குழாயை உதட்டால் இறுகக் கவ்வி, இளநீரை ஸ்ட்ராவில் உறிஞ்சுவது போல மெதுவாக உள்ளே இழுக்கட்டும். முதல் பந்து நொடிக்கு 600 மில்லி வேகத்தில் ஏறும், இரண்டாவது 900, மூன்றாவது 1,200. மூன்றும் சட்டென்று ஏறி விழுவதைவிட முதல் பந்து மூன்று நொடி மேலே நிற்பதுதான் நல்லது. ஒட்டிய பைகள் திறக்க நேரம் வேண்டும். பிறகு குழாயை எடுத்துவிட்டு நிதானமாக மூச்சு விடட்டும். விழித்திருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பத்துத் தடவை. தொடர்ந்து வேகமாகச் செய்தால் தலை சுற்றும். இடையில் ஓய்வு கொடுங்கள். குழாய் முனையைத் தினமும் கழுவுங்கள், வீட்டில் இன்னொருவர் வாய் வைக்கக் கூடாது. காற்றுக் கசிவு இருந்த பிள்ளையாக இருந்தால் மருத்துவரைக் கேட்டபிறகே தொடங்க வேண்டும்.

*

"மகன் பதினேழு வயது, செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து) ஆடுகிறவன். ஆக்சிஜனில் ஒன்பது நாள் இருந்து வந்தான். ஒரு மாதம் ஆகிறது. மாடி ஏறினாலே இளைக்கிறது, இருமலும் நிற்கவில்லை. நுரையீரல் சுருங்கிவிட்டதா? எப்போது களத்தில் இறங்கலாம்?" – வாசகர், சித்தூர், பாலக்காடு மாவட்டம்

சுருங்கிவிட்டது என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம். இந்த வயதில் பெரும்பாலானவர்களுக்கு ஸ்கேன் நிழல் சில மாதங்களில் மங்கிவிடுகிறது. ஒன்பது நாள் படுத்தவனுக்குத் தொடைத் தசையும் கரைந்திருக்கும். மாடிப்படி இளைப்பில் அதற்கும் பங்கு உண்டு. மூன்றாம் மாதம் ஊதிப் பார்க்கும் பரிசோதனையும், நுரையீரலிலிருந்து ரத்தத்துக்கு வாயு எவ்வளவு கடக்கிறது என்ற பரிசோதனையும் எடுங்கள். இரண்டாவதைக் கேட்டு வாங்குங்கள். முதலாவது சரியாக வந்தும் இரண்டாவது குறைந்திருக்கலாம்.

ஆட்டத்தை நுரையீரல் மட்டும் தீர்மானிப்பதில்லை. இந்த நோய் இதயத் தசையையும் தொடும். வீங்கிய இதயத்தோடு ஓடினால் துடிப்பு தாறுமாறாகலாம். ஆக்சிஜன் வரை போனவன் என்பதால் ஈ.சி.ஜி., எக்கோ பார்த்து இதய மருத்துவர் அனுமதிக்கும் வரை போட்டி ஆட்டம் வேண்டாம்; கடுமையாக வந்தவர்களுக்கு மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். அதுவரை சமதளத்தில் பத்து நிமிட நடையில் தொடங்கி, வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டலாம். நடந்த மறுநாள் படுத்துக்கொள்கிறான் என்றால் முந்தைய வாரத்து அளவுக்கு இறங்குங்கள். நெஞ்சுவலி, படபடப்பு, மயக்கம் எது வந்தாலும் நிறுத்துங்கள். மூச்சை இழுக்கும்போது குத்தும் வலியோ, ஒரு காலில் மட்டும் வீக்கமோ, சளியில் ரத்தமோ வந்தால் அன்றே ஆஸ்பத்திரி; ரத்தக் கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம்.

இருமலைக் கொரோனாவின் மிச்சம் என்று விட்டுவிடாதீர்கள். இரண்டு வாரம் தாண்டிய எந்த இருமலுக்கும் நம் ஊரில் காசநோய்ப் பரிசோதனை உண்டு; ஸ்டீராய்டு வாங்கியிருந்தால் இன்னும் அவசியம். அரசு மருத்துவமனையில் இலவசம். காலையில் எழுந்ததும் வெறும் தண்ணீரில் வாய் கொப்பளித்துவிட்டு, ஆழ இருமி நெஞ்சிலிருந்து வருகிற சளியை அவர்கள் தரும் டப்பாவில் எடுக்கச் சொல்லுங்கள். எச்சிலைக் கொண்டுபோனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.